‘விட்டதால்தான் படுத்தார்’ என்னும் பொய்க்கணக்கு

நீண்டகாலம் குடித்து அறுபதைக் கடந்துவிட்ட ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்லலாம் என்ற பேச்சு தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எழும்போது, அதற்கு எதிராகச் சொல்லப்படும் சொற்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன: ‘இத்தனை வருஷம் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா தாங்காது’, ‘இனிமே விட்டு என்ன ஆகப்போகுது’, ‘குடிக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தார், விட்ட பிறகுதான் படுத்தார்’. முதலாவது அச்சம், இரண்டாவது சலிப்பு, மூன்றாவது கண்ணால் கண்டதாகச் சொல்லப்படும் சாட்சியம். மூன்றும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, முதுமையில் மதுவை விடுவது ஆபத்தானது, ஆபத்தில்லாவிட்டாலும் வீணானது என்ற நம்பிக்கையாகத் திரண்டு, படித்தவர் படிக்காதவர் வேறுபாடின்றி நிலைபெற்றுவிட்டன. சிறியதோர் உண்மையைப் பிடித்துக்கொண்டு எழுந்த இந்த நம்பிக்கை, காரணத்தை விளைவாகவும் விளைவைக் காரணமாகவும் மாற்றி வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது.

அச்சிறு உண்மையை மறைப்பதில் பயனில்லை. மது, மூளையின் இயக்கத்தை மந்தப்படுத்தும் பொருள். நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளுக்கு அது துணைநிற்கிறது, பரபரப்பைக் கூட்டும் ‘குளுட்டமேட்’ என்ற வேதிப்பொருளை அடக்குகிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் குடிப்பவரின் மூளை, இந்த மந்தநிலைக்கு ஈடுகட்டும் வகையில் தன் பரபரப்பு மட்டத்தை உயர்த்தி வைத்துக்கொள்வதால், மது திடீரென்று நிற்கும்போது அந்தப் பரபரப்பைத் தடுக்க எதுவுமில்லாமல் போகிறது. அதனால் தோன்றுபவையே மருத்துவத்தில் ‘விலகல் அறிகுறிகள்’ என்று குறிக்கப்படுகின்றன. கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் சில மணி நேரத்திலேயே தொடங்குகின்றன. வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. சிலருக்கு இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள், காலமும் இடமும் குழம்பி, இல்லாத பூச்சிகளையும் ஆட்களையும் கண்டு அஞ்சும் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ என்ற கடும் பிதற்றல் நிலை தோன்றுகிறது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் சட்டன் 1813இல் இதற்கு இப்பெயரை வழங்கினார். உரிய சிகிச்சை இல்லாத காலத்தில் இந்நிலையை அடைந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்ததுண்டு. முதியவர்களுக்கு இது மேலும் கடுமையாக இருக்கக்கூடும் என்பதும் மெய்யே.

ஆனால் இந்த உண்மையிலிருந்து பெறப்படும் முடிவு, மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும் என்பதே தவிர, தொடர்ந்து குடிக்க வேண்டும் என்பதன்று. டயசிபாம், குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்துகள் மூளையின் பரபரப்பைச் சில நாட்களுக்குத் தணித்து வைத்துப் பின் படிப்படியாக விலக்கப்படுகின்றன; கல்லீரல் நலிந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும், உடலில் எளிதில் தேங்காத லோரசிபாம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. கூடவே, குடிப்பவர்களிடம் பெரும்பாலும் குறைந்துபோயிருக்கும் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசியாகச் செலுத்தப்படுகிறது. அது கிடைக்காமல் போனால் கண்ணசைவு குலைந்து, நடை தள்ளாடி, அறிவு மங்கும் நோய் உண்டாகும்; அந்நோயைக் கார்ல் வெர்னிக்கே 1881இலேயே பதிவுசெய்தார், அதன் காரணம் தயமின் குறைவு என்பது பின்னரே தெரியவந்தது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னரே தயமின் கொடுக்கப்பட வேண்டும் என்ற எளிய விதியைத் தெருமுனைக் கிளினிக்குகள் மறந்துவிடுவது வேறு கதை. சிகிச்சை பெறுவோரிடையே டெலிரியம் ட்ரெமன்ஸ் நிலையின் இறப்பு இன்று 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. ஒரு வாரத்துக்குள் கடந்துவிடக்கூடிய, தடுக்கக்கூடிய ஓர் ஆபத்தைக் காட்டி, எஞ்சிய ஆயுள் முழுவதையும் பாட்டிலுக்கு எழுதிவைக்கும் வாதத்தை வேறெந்த நோயிலும் எவரும் ஏற்கமாட்டார்கள்.

நம்பிக்கை உறுதிப்படும் இடம் பெரும்பாலும் மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவே. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எழுபது வயது முதியவர் சேர்க்கப்படுகிறார். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஒவ்வாமை எல்லாம் கேட்கப்படுகின்றன, தலை நரைத்த பெரியவரிடம் கேட்கக் கூச்சப்பட்டோ அவசரத்திலோ குடி மட்டும் கேட்கப்படுவதில்லை. கேட்டாலும், மகன் தந்தையின் மானத்தைக் காப்பதாக எண்ணி ‘எப்பவாவது’ என்று சொல்லிவிடுகிறார். மூன்றாம் நாள் இரவு முதியவர் ஊசிக் குழாயைப் பிடுங்குகிறார், போர்வையில் ஊர்வதாகச் சொல்லி எதையோ பொறுக்குகிறார், இறந்துபோன அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மயக்க மருந்தின் கோளாறு என்கிறார் ஒருவர், காற்றுக் கருப்பு என்கிறார் மற்றொருவர். வயதில் மூத்த உறவினர் ஒருவர் மட்டும் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, மருந்தைத் தவறாகத் தேர்ந்தெடுக்கிறார்: தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவரப்பட்ட பிராந்தி. நடுக்கம் அடங்குகிறது. பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் முழுவதும், ‘அது இல்லாமல் அவர் இருக்கமாட்டார்’ என்பதைக் கண்கூடாகக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறது. அங்கே தவறியது, கடைசியாகக் குடித்தது எப்போது என்ற ஒரே ஒரு கேள்வி.

சாட்சியமாகச் சொல்லப்படும் மூன்றாவது வாதம்தான் மற்ற இரண்டையும் தாங்கி நிற்பது. ஆகவே அதைச் சற்று நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகள் குடித்தவர் ஒரு நாள் தாமாகவே நிறுத்துகிறார் என்றால், பெரும்பாலான வேளைகளில் அதற்கு முன்பே பசி செத்திருக்கும், சோற்றைக் கண்டால் குமட்டியிருக்கும், கால் வீங்கியிருக்கும், வயிற்றில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கும். கல்லீரல் திசு தழும்பேறி இறுகிப்போகும் ‘சிரோசிஸ்’ என்ற நிலை, பல ஆண்டுகள் வெளியே தெரியாமல் வளர்ந்து, உறுப்பின் கையிருப்பு தீர்ந்த பிறகே இவ்வாறு முகம் காட்டுகிறது. அதாவது, நோய் வந்ததால் அவர் குடியை நிறுத்தினார். நிறுத்தியதால் நோய் வரவில்லை. மதுவால் உண்டாகும் கடுமையான கல்லீரல் அழற்சியில், கடைசியாகக் குடித்து 60 நாட்கள் வரை கழித்துக்கூட மஞ்சள் காமாலை வெளிப்படலாம் என்று நோய் வரையறையிலேயே மருத்துவர்கள் குறித்துவைத்திருக்கிறார்கள். அந்த அறுபது நாட்களுக்குள் கண் மஞ்சளித்துப் படுக்கும் மனிதர், அண்டை வீட்டாரின் கண்ணுக்கு, குடியை விட்டதால் படுத்தவராகவே தெரிவார்.

இந்தப் பிழை பாமரர்க்கு மட்டும் உரியதன்று. அளவாகக் குடிப்பவர்களைவிட அறவே குடிக்காதவர்கள் சீக்கிரம் இறப்பதாகப் பல ஆய்வுகள் காட்டிவந்த நிலையில், பிரிட்டனில் 7,000க்கும் மேற்பட்ட நடுவயது ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஷேப்பரும் அவருடைய துணைவர்களும் 1988இல் ‘லான்செட்’ இதழில் ஒரு சங்கடமான விளக்கத்தை முன்வைத்தார்கள்: ‘குடிக்காதவர்’ என்று கணக்கிடப்பட்டோரில் கணிசமானோர், முன்பு குடித்து, உடல் கெட்டபின் நிறுத்தியவர்கள், குடி விளைவித்த நோயைச் சுமந்துகொண்டு அவர்கள் குடிக்காதவர்களின் வரிசைக்கு இடம்பெயர்ந்ததால், அந்த வரிசையே நோயுற்றதாகத் தோன்றியது. தேநீர்க்கடைப் பெஞ்சில் ‘விட்ட பிறகுதான் படுத்தார்’ என்று பேசப்படும் அதே தர்க்கம், புள்ளிவிவர அட்டவணையின் ஆடை உடுத்திக்கொண்டு, இதயத்துக்குக் கொஞ்சம் பிராந்தி நல்லது என்ற அறிவுரையாகப் பல்லாண்டு உலவியது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளிப்படையாக அறிவித்த பின்னும், நெஞ்சுச் சளிக்கு ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் அசைந்ததாகத் தெரியவில்லை.

இனி, விடுவது வீண் என்னும் கூற்று. கல்லீரலில் கொழுப்பு சேரும் தொடக்க நிலை, மதுவை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. இதில் விவாதமே இல்லை. சிரோசிஸ் வந்துவிட்டவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதே வினா. அமெரிக்காவில் பவல், கிளாட்ஸ்கின் ஆகிய இரு மருத்துவர்கள் 1968இல் வெளியிட்ட ஆய்வில், சிரோசிஸ் நோயாளிகளில் குடியை நிறுத்தியோரில் 63 விழுக்காட்டினரும் நிறுத்தாதோரில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சையும் இன்றைய மருந்துகளும் இல்லாத காலத்து எண்கள் இவை. அந்த வேறுபாட்டில் நிறுத்தியதற்குப் பெரும்பங்கு இருந்ததாகவே தோன்றுகிறது. முதியவர்கள் திருந்தமாட்டார்கள் என்பதற்கும் சான்று நேர்மாறாகவே இருக்கிறது: கலிபோர்னியாவில் போதைச் சிகிச்சை பெற்றவர்களை ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்து, 2004இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கடந்த முப்பது நாட்களில் எதையும் தொடாதவர்கள் 55 வயதைக் கடந்தோரில் 52 விழுக்காடாகவும், இளையோரில் 40 விழுக்காடாகவும் இருந்தார்கள். பல பத்தாண்டுகள் ஆண்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த ஹார்வர்டு மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலண்ட், ஐந்தாண்டுகள் குடிக்காமல் இருந்துவிட்டவர் மீண்டும் குடிக்குத் திரும்புவது அரிது என்று கண்டார். ஓய்வு பெற்றவருக்குக் குடியை விட்டோர் கூடும் கூட்டங்களுக்குச் செல்ல நேரமிருக்கிறது, இழக்க இனி அதிகமில்லை என்ற தெளிவும் இருக்கிறது. இளைஞனைவிட அவர் நல்ல நோயாளியாக அமைவதில் வியப்பென்ன?

‘இருக்கிற நாலு நாள் சந்தோஷமா இருந்துட்டுப் போகட்டும்’ என்ற இரக்க வாதம் மிச்சமிருக்கிறது. மற்றவற்றைவிட நாகரிகமாகத் தோன்றுவதால் இதுவே அதிகக் கேடு செய்கிறது. வயது ஏற ஏற உடலில் நீரின் பங்கு குறைவதால், நாற்பதில் குடித்த அதே அளவு எழுபதில் இரத்தத்தில் அதிகச் செறிவோடு நிற்கிறது. 42.8 விழுக்காடு வலிமையுள்ள ஒரு ‘குவார்ட்டர்’, அதாவது 180 மில்லி லிட்டர், ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹாலைக் கொண்டது. அதைக் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கும் முதியவர், காலையில் சர்க்கரைக்கான கிளிபென்கிளமைடு மாத்திரையும் போட்டிருந்தால், இரவில் அவருடைய இரத்தச் சர்க்கரை அபாயகரமாகத் தாழக்கூடும். ஏனெனில் உணவில்லாதபோது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதை மது தடுக்கிறது. சர்க்கரை தாழ்ந்தவரும் போதையில் இருப்பவரும் ஒரே மாதிரி உளறுவார்கள், ஒரே மாதிரி வியர்த்துத் தள்ளாடுவார்கள். ‘இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி’ என்று சொல்லி விளக்கை அணைத்துவிட்டுப் போகும் வீட்டில், காலையில் அவரை எழுப்ப முடியாமல் போவதுண்டு. உள்ளங்கால் மரத்துப்போய்ச் செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பதும், புண் ஆறாமல் விரல் எடுக்கப்படுவதும், பேரப்பிள்ளையின் பெயர் மறந்து விழிப்பதும், படுக்கையை நனைத்துவிட்டு மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் கிடப்பதும் அந்த நாலு நாட்களின் உள்ளடக்கம். சந்தோஷம் யாருடையது என்பதை அந்த மருமகளிடம் கேட்டால் தெரியும்.

இதே குடும்பங்கள் மறுபுறம், பேருந்து நிலையச் சுவரொட்டிகள் கற்றுக்கொடுத்தபடி, அவருக்குத் தெரியாமலே சாம்பாரில் மருந்தைக் கலந்துவிடவும் தயங்குவதில்லை. டென்மார்க்கில் 1948இல் குடிநோய்க்கு அறிமுகமான டைசல்ஃபிரம், உட்கொண்டவர் குடித்தால் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை உடலில் தேங்கச்செய்து, முகம் சிவந்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் சரியச் செய்யும் மருந்து. இதய நோயுள்ள முதியவருக்கு அது உயிரையே எடுக்கலாம். நிறுத்தினால் உடம்பு தாங்காது என்று அஞ்சுகிறவர்கள், இதைத் தாங்கும் என்று எப்படி நம்புகிறார்கள் என்பது விளங்கவில்லை.

நெடுங்காலத்துக்கு முன்பே மீண்டு, இப்போது முதுமையும் நோயும் அடைந்தவர்களைக் காட்டியும் இந்நம்பிக்கை தன்னை நியாயப்படுத்திக்கொள்கிறது: இருபது வருஷம் தொடாமலிருந்தவருக்கும் புற்றுநோய் வந்ததே என்கிறார்கள். குடியை விட்டவர் முதுமையிலிருந்து விலக்குப் பெற்றவர் என்று எவரும் உறுதியளிக்கவில்லை. மேலும், அவர் விடாத ஒன்று பெரும்பாலும் அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தை 1935இல் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன், 39 வயதில் குடியை விட்டு மேலும் 36 ஆண்டுகள் வாழ்ந்து, கடும் புகைப்பழக்கத்தால் நுரையீரல் சிதைந்து 1971இல் இறந்தார். மது உள்ளிட்ட போதைகளுக்காகச் சிகிச்சை பெற்ற 845 பேரைப் பற்றி 1996இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், இறந்தோரில் பாதிப்பேரின் மரணத்துக்குப் புகையிலை காரணமாக இருந்தது. மது காரணமாக இறந்தோர் மூன்றில் ஒரு பங்கினரே. இந்த மரணங்கள் குடியை விட்டதன் கணக்கில் எழுதப்படத் தக்கவை அல்ல. அவற்றில் ஒரு பகுதி மறுவாழ்வு மையங்களின் கணக்கில் எழுதப்படலாம். ஒன்றை விடுகிறவனுக்கு இன்னொன்றாவது இருக்கட்டும் என்ற பெருந்தன்மையில், தேநீர் இடைவேளையில் பீடி பிடிக்க இன்றும் அங்கே அனுமதி உண்டு.