பொம்மைக்குக் குரல் கொடுத்தவர்கள்

பழைய பொம்மைகளை வாங்கி விற்பவர்கள் முகத்தை மட்டும் பார்த்து விலை சொல்லிவிட மாட்டார்கள். முடியை ஒதுக்கிப் பிடரியைப் பார்ப்பார்கள். அங்கே அச்சிலேயே பதிந்த எழுத்தும் எண்ணும் இருக்கும். 'எஸ் எச்' என்றிருந்தால் அது ஜெர்மனியின் துரிங்கியா வட்டாரத்தில் இயங்கிய சிமோன் - ஹால்பிக் பட்டறையின் தலை. கூடவே 'ஜெர்மனி' என்றும் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்று அமெரிக்கா 1890இல் ஒரு வரிச் சட்டம் போட்டது. அதுதான் இன்று பொம்மையின் வயதைக் காட்டிக்கொடுக்கிறது.

அந்தத் தலைகளைச் செய்த விதம் அழகானது. வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்சிக்கொள்ள, பாலில் ஏடு படிவதுபோல அச்சின் உட்புறமெங்கும் ஒரு தோல் படியும். மீதிக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால், உள்ளே வெற்றிடத்தோடு ஒரு தலை நிற்கும். அது பாதி காய்ந்த பதத்தில் கத்தியால் கண்குழிகளை அறுத்தெடுப்பார்கள். கண்களை உள்ளிருந்துதான் பொருத்த முடியும் என்பதால் உச்சந்தலையையும் திறந்தே விடுவார்கள். பிறகு அதை மூடி முடி ஒட்டுவார்கள். சூளையிலிருந்து வரும் பீங்கானுக்குப் பளபளப்புப் பூச்சு கிடையாது. அந்த மங்கல்தான் தோலின் மென்மையைத் தருகிறது. கன்னத்துச் சிவப்பையும் இமை மயிர்களையும் கையால் தீட்டி, குறைந்த சூட்டில் மறுபடி சுட்டெடுப்பார்கள்.

கண்கள் அதே வட்டாரத்தின் லௌஷா என்ற கண்ணாடி ஊதும் ஊரில் செய்யப்பட்டவை. அங்கே பொம்மைக் கண் செய்துவந்த லுட்விக் முல்லர்-ஊரி 1835 வாக்கில் மனிதர்களுக்கான செயற்கைக் கண் செய்யத் தொடங்கினார். மனிதக் கண்தான் முதலில் வந்திருக்கும் என்று நாம் நினைப்போம், லௌஷாவில் பொம்மை முந்திக்கொண்டது. கை, கால், முடி, உடை எல்லாம் வீடுகளில் தயாராயின. குடும்பமே உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் உட்பட, எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்த்தது. எந்த ஊர்க் குழந்தையோ விளையாடப்போகும் பொம்மைக்கு இந்த ஊர்க் குழந்தை கை ஒட்டியது.

இந்த சிமோன் - ஹால்பிக் தலைகளில் சில கடல் கடந்து அமெரிக்காவின் நியூஜெர்சிக்கு, எடிசனின் தொழிற்சாலைக்குப் போயின. எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தபோதே, பேசும் பொம்மை அவர் மனத்தில் இருந்தது. 1890இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். சுமார் 22 அங்குல உயரம், பீங்கான் தலை, மரக் கைகால்கள், தகரத்தால் ஆன உடம்பு. அந்த உடம்புக்குள் ஒரு குட்டி ஃபோனோகிராஃப். அதில் மெழுகு உருளை. நெஞ்சில் போட்ட சிறு துளைகள் வழியே சத்தம் வெளியே வரும். முதுகில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பொம்மை ஒரு குழந்தைப் பாட்டைச் சொல்லும்.

எனக்கு ஆச்சரியம் இந்தக் கருவி அல்ல. அந்தக் காலத்தில் மெழுகுப் பதிவை மொத்தமாகப் படியெடுக்க வழியில்லை. எத்தனை பொம்மையோ அத்தனை தடவை யாராவது நேரில் சொல்லியாக வேண்டும். அதற்காகவே இளம்பெண்களைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு தடுப்புக்குள் உட்கார்ந்து, கூம்புக் குழலுக்குள் அதே நாலு வரியை நாள் முழுக்க உரக்கச் சொல்ல வேண்டும். மைக் இல்லை, ஒலிபெருக்கி இல்லை. தொண்டையின் பலத்தால்தான் ஊசி மெழுகைக் கீற வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டைச் சொன்னால் அந்தக் கூடம் எப்படி இருந்திருக்கும்! நேரில் போய்ப் பார்த்த அன்றைய அறிவியல் பத்திரிகை ஒன்று அந்த இரைச்சலை விவரிக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது.

பொம்மை படுத்துவிட்டது. கடைகளுக்குப் போனவை சுமார் 2,500. விற்றவை 500கூட இல்லை. உடையில்லாமலே 10 டாலர் விலை. கைப்பிடியை ஒரே சீராகச் சுற்றினால்தான் பேச்சு பேச்சாக வரும். எந்தக் குழந்தை சீராகச் சுற்றும்? வேகமாகச் சுற்றினால் கீச்சிடும், மெதுவாகச் சுற்றினால் முனகும். ஊசி நழுவியது, மெழுகு தேய்ந்தது. குரலைக் கேட்டுக் குழந்தைகள் மிரண்டார்கள். எடிசனே இவற்றைக் குட்டி அரக்கர்கள் என்று சொன்னதாகப் பதிவு உண்டு. சில வாரங்களில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். லௌஷாக் கண்ணும் சூளையில் வெந்த கன்னமுமாக வாயே திறக்காத பொம்மைகள் அதற்குப் பிறகும் பல்லாண்டு நன்றாகவே விற்றன. குழந்தைக்குத் தன் பொம்மையின் குரல் எது என்று ஏற்கெனவே தெரியும். கடைக்காரன் அதில் தலையிட்டால் பிடிக்காது என்பது என் கட்சி.

தப்பிப் பிழைத்த பொம்மைகளை வைத்திருந்தவர்கள் வெகுகாலம் அவற்றைப் பேசவிடவே அஞ்சினார்கள். ஊசி ஒருமுறை ஓடினாலும் மிச்சமிருக்கும் மெழுகு உரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் துகள் இயற்பியலாளர் கார்ல் ஹேபரும் அவருடைய சகாக்களும் இதற்கு வழி கண்டார்கள். ஊசியே வேண்டாம், உருளையின் பள்ளங்களை நுண்ணோக்கியால் படமெடுத்து, அவற்றின் ஆழத்தைக் கணினியில் அளந்து, ஊசி எப்படி ஆடியிருக்கும் என்று கணக்குப் போட்டு ஒலியாக மாற்றுவது. மெழுகுக்கு முன் பொம்மைக்காகச் செய்து பார்த்த, நெளிந்துபோன ஒரு தகர வளையத்திலிருந்து 1888ஆம் ஆண்டுக் குரலை 2011இல் இப்படி மீட்டார்கள். விற்பனைக்கு வந்த பொம்மைகளின் மெழுகுப் பதிவுகள் சில 2015இல் வெளியாயின.

இப்போது அவற்றை யாரும் கேட்கலாம். கரகரப்புக்கு நடுவே ஒரு பெண் 'ஹிக்கரி டிக்கரி டாக்' சொல்கிறாள். அவள் பெயர் எங்கும் இல்லை; ஏலத்தில் இந்தப் பொம்மைக்கு விலை ஏறுவது எடிசன் பெயரால். பேய்ப் படத்துக்குப் பின்னணி இசை என்று இணையத்தில் இதைக் கேலி செய்கிறார்கள். யூகேஜி படிக்கும் என் தங்கை மகளுக்குப் போட்டுக் காட்டினேன். மிரளவில்லை. பேசுவது பொம்மை என்று நான் சொன்னதை அவள் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த அக்கா ஏன் பெரியம்மா இப்படிக் கத்தி ரைம்ஸ் சொல்றாங்க? அவங்க மிஸ் திட்டிட்டாங்களா?" என்று கேட்டாள்.