உயரம் வேறு, ஆழம் வேறு



"சென்செக்ஸ் பறக்கிறது, சீனச் சந்தை படுத்துவிட்டது, நாம் முந்திவிட்டோம்" என்று குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் அடிக்கடி செய்தி வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் சந்தையின் உயரம் வேறு, ஆழம் வேறு.

பத்துக் குடம் இறைத்ததும் தரை தெரிந்தால் அது ஆழமில்லாத கிணறு. ஒரு நாட்டு மக்களின் சேமிப்பு கடனாகவும் பங்காகவும் தொழிலுக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் நிதிச் சந்தையின் ஆழம். அதை நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டு அளப்பார்கள்.

மும்பைப் பங்குச்சந்தை 1875-இல் தொடங்கியது. ஷாங்காய் சந்தை 1990-இல்தான் மீண்டும் திறந்தது. 2007 அக்டோபரில் ஷாங்காய் குறியீடு 6,000-ஐத் தாண்டியது. அந்த உயரத்தை அது மறுபடி எட்டவில்லை. அதே மாதம் 20,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், 2024 செப்டம்பரில் 85,000-ஐத் தாண்டியது. இன்று நம் பங்குகளின் மொத்த மதிப்பு நாட்டின் உற்பத்தியைவிட அதிகம். சீனாவில் அது 2024-இல் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகத்தான் இருந்தது.

வங்கிக் கடனைப் பார்த்தால் கணக்கு தலைகீழ். நம் நாட்டில் தனியார் துறைக்குக் கிடைக்கும் கடன் உற்பத்தியில் சுமார் 50 சதவீதம். சீனாவில் 180 சதவீதத்துக்கும் மேல். அங்கே சேமிப்பு அரசு வங்கிகள் வழியாகத் தொழிற்சாலைக்கும் சாலைக்கும் வீடுகளுக்கும் பாய்ந்தது.

அப்படியானால் சீனாதான் சரியா? அதுவும் இல்லை. எவர்கிராண்ட் என்ற வீட்டுமனை நிறுவனம் கடன் வாங்கியே வளர்ந்து 2021-இல் தவணை தவறியது. 2024 ஜனவரியில் அதைக் கலைக்கும்படி ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் தவித்தார்கள். ஆழக் கிணற்றுக்கும் கைப்பிடிச் சுவர் வேண்டும்.

அந்தச் சுவரை நாம் ஓரளவு கட்டினோம். 1992-இல் செபிக்குச் சட்ட அதிகாரம் கிடைத்தது. அதே ஆண்டு ஹர்ஷத் மேத்தா ஊழல் வெடித்தது. 1994-இல் தேசியப் பங்குச்சந்தையில் கணினி வழி வணிகம் வந்தது, 1996-இல் காகிதப் பங்குகள் டீமேட் கணக்குக்கு மாறத் தொடங்கின. மக்கள் நம்பிக்கை இப்படித்தான் படிப்படியாக வளர்ந்தது.

ஆனாலும் லேத் பட்டறை வைத்திருப்பவரும் நாலு தறி ஓட்டுபவரும் இன்றும் அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம் போகிறார்கள். அவர்களுக்கு நியாயமான வட்டியில் வங்கிக் கடன் கிடைக்கும் நாளில்தான் நம் சந்தை ஆழமானது என்று நான் ஒப்புக்கொள்வேன்.

உங்களில் பலர் எஃப் அண்டு ஓ வணிகத்தில் இறங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் போனது என்று செபியே ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. அந்தப் பணம் எந்தத் தொழிலுக்கும் முதலாகவில்லை. தோற்றவர் கையிலிருந்து ஜெயித்தவர் கைக்கும் தரகுக்கும் போனது. அது ஆழமல்ல, சுழல்.

சேமியுங்கள், நல்ல நிறுவனங்களில் பொறுமையாக முதலீடு செய்யுங்கள். ஆழம் தெரியாமல் மட்டும் காலை விடாதீர்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், படிக்கிறேன்.