வீட்டுக் கணக்கு: ஆஸ்பத்திரிப் பணத்துக்கு வரி உண்டா?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அக்காவுக்கு மார்பில் கட்டி வந்து, பயாப்ஸியில் புற்றுநோய் என்று தெரிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி பில்லை அக்கா கணவரின் ஆபீஸ் மெடிக்ளெய்ம் கட்டிவிட்டது. அது தவிர, அக்கா தன் தையல் காசில் 5 லட்ச ரூபாய்க்கு ‘கிரிட்டிகல் இல்னெஸ்’ பாலிஸி ஒன்று எடுத்து வைத்திருக்கிறார். கெட்டிக்காரிதான்! ஆனால் அந்தப் பணத்தை மட்டும் இன்னும் கேட்கவில்லை. “ஒரே வியாதிக்கு ரெண்டு இடத்துல பணம் வாங்கினா, ரெண்டாவது வருமானம்தான். மூணுல ஒரு பங்கு வரியா போயிடும், நோட்டீஸும் வரும்” என்று சொந்தக்காரர் ஒருவர் பயமுறுத்திவிட்டாராம். அக்காவும் பாலிஸியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

சகோதரி, முதலில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். விளக்கத்தைப் பிறகு படிக்கலாம். க்ளெய்ம் கேட்பதற்குப் பாலிஸியில் கெடு போட்டிருப்பார்கள். வரிக்குப் பயந்து கெடுவைத் தவறவிட்டால் வீண் வழக்கு, வீண் அலைச்சல்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஆரோக்கிய இன்ஷூரன்ஸில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, ஆன செலவை மட்டும் கொடுப்பது. 1986-ல் நம் நாட்டில் அரசு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆரம்பித்த மெடிக்ளெய்ம் இந்த வகை. பில் 80,000 ரூபாய் என்றால் அதற்கு மேல் ஒரு பைசா கிடைக்காது. உங்கள் பணம் உங்களுக்கே திரும்பி வருகிறது, இதில் வருமானம் எங்கே? வரிப் பேச்சே இல்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் நம் கைக்கே வராமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றியும் கவலை வேண்டாம்.

மற்றது, பில் எவ்வளவு ஆனாலும் சொன்ன தொகையைக் கொடுப்பது. ஆஸ்பத்திரியில் படுத்த ஒவ்வொரு நாளுக்கும் 1,000 அல்லது 2,000 ரூபாய் என்று தரும் ‘ஹாஸ்பிடல் கேஷ்’ இப்படி. எல்.ஐ.சி. 2011-ல் கொண்டுவந்த ‘ஜீவன் ஆரோக்யா’ இந்த ரகம்தான். இன்ன நோய் என்று உறுதியானதும் மொத்தமாகத் தரும் கிரிட்டிகல் இல்னெஸ் பாலிஸியும் இதே ரகம். இவை மெடிக்ளெய்முக்கு மேலே, துணையாக எடுப்பவை. இரண்டிலும் பணம் வாங்குவது தப்பே அல்ல, அதற்காகத்தானே தனியாகப் பிரீமியம் கட்டினோம்! ஆஸ்பத்திரி பில்லோடு செலவு முடிகிறதா என்ன? கூட இருப்பவருக்குச் சாப்பாடு, ஆட்டோ, வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், நின்றுபோன தையல் வரும்படி... இதற்கெல்லாம் எந்த மெடிக்ளெய்ம் கொடுக்கிறது?

இந்தத் துணைப் பணம் வருமானமா என்றால், இல்லை. ‘ஹாஸ்பிடல் கேஷ்’ என்று பேர் சொல்லி வரிச் சட்டத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். சம்பளம், வாடகை, தொழில், சொத்து விற்ற லாபம், வட்டி முதலான இதர வரும்படி, இவைதான் வரிக்கு உட்பட்ட வருமானங்கள். உடம்புக்கு வந்த கேட்டுக்கு ஈடாக வரும் தொகை சம்பாத்தியம் ஆகாது, அது மூலதன வரவு. சட்டமே பேர் சொல்லிப் பிடித்தால் ஒழிய மூலதன வரவுக்கு வரி கிடையாது என்பது கோர்ட்டுகள் நெடுநாளாக ஏற்றுக்கொண்ட கொள்கை. ஆடிட்டர்களும் இதை வைத்துத்தான் விலக்குக் கொடுக்கிறார்கள். ஆயுள் பாலிஸியோடு ‘ரைடர்’ ஆக எடுத்ததென்றால், ஆயுள் பாலிஸிப் பணத்துக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அதற்குப் பிரீமியத்தைப் பொறுத்து நிபந்தனைகள் இருக்கின்றன. 2023 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்து வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் பிரீமியம் கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை அவை. நம்மில் எத்தனை பேர் அப்படி!

பிரீமியத்துக்கு ‘80டி’ சலுகை வாங்கியிருந்தால் க்ளெய்முக்கு வரி உண்டாமே என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை. இந்தப் பேச்சு கடல் தாண்டி வந்திருக்கலாம். அமெரிக்காவில் சம்பளத்தில் வரி பிடிப்பதற்கு முன்பே ஆபீஸ் மூலம் பிரீமியம் கட்டியிருந்தால், இந்த மாதிரித் துணைப் பாலிஸியில் செலவுக்கு மேல் மிஞ்சும் பணத்துக்கு அங்கே வரி வரும். சொந்தப் பணத்தில், வரி கட்டிய பிறகு மிஞ்சியதில் பிரீமியம் கட்டியிருந்தால் அங்கேயும் வரி இல்லை. அங்கே இருக்கும் பிள்ளை போனில் சொன்னதை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது.

சரி, வரி எங்கேதான் வரும்? பணம் வந்த பிறகு! 5 லட்சத்தை பாங்கில் டெபாசிட் போட்டு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், வருஷம் 35,000 ரூபாய். இந்த வட்டி சுத்தமான வருமானம். அக்காவின் பாலிஸி, அக்காவின் பணம் என்பதால் வட்டியும் அக்கா கணக்கில்தான். தையல் வரும்படியையும் சேர்த்து, புது முறையில் 2025-26-க்கான அடிப்படை வரம்பான 4 லட்சத்துக்குள் இருந்தால் வரி ஒன்றும் இல்லை. ஆனால் பாலிஸி கணவர் பெயரில் இருந்து, அவருக்கு வந்த பணத்தை மனைவி பெயரில் டெபாசிட் போட்டால், அந்த வட்டி கணவரின் வருமானத்தோடு சேரும். இது பல வீடுகளில் தெரியாத சங்கதி. ஆகவே க்ளெய்ம் பாரத்தில் எந்த பாங்கு அக்கவுண்ட் எண்ணை எழுதுகிறீர்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொரு இடமும் உண்டு. பழைய வரி முறையில் இருப்பவர்கள் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சில நோய்களின் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை, அறுபது வயதானவருக்கு 1 லட்சம் வரை, கழிவு கேட்கலாம். சிகிச்சைக்காக இன்ஷூரன்ஸில் வந்ததைக் கழித்தபின்தான் இது. பணமும் வாங்கிக்கொண்டு முழுச் செலவையும் காட்டினால், அப்போதுதான் நோட்டீஸ் வரும். அக்கா கணவர் இதை ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது முறையில் இந்தக் கழிவும் கிடையாது, 80டி-யும் கிடையாது. ஆபீஸ் மாதாமாதம் சம்பளத்தோடு தரும் ‘மெடிக்கல் அலவன்ஸ்’ வேறு சமாச்சாரம், அது சம்பளம்தான், வரி உண்டு.

ஒரு நல்ல செய்தி: தனிநபர் ஹெல்த் பாலிஸிப் பிரீமியத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பிடித்தார்களே, 2025 செப்டம்பர் 22 முதல் அது இல்லை.

இனி அக்கா செய்ய வேண்டியது. அசல் பில்களும் டிஸ்சார்ஜ் சம்மரியும் மெடிக்ளெய்ம் கம்பெனிக்குப் போயிருக்கும். ஆகவே ஆஸ்பத்திரி ரிகார்டு ரூமில் கேட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு மூன்றையும் ஆஸ்பத்திரி முத்திரையோடு நகல் எடுத்துக்கொள்ளட்டும். நோய் உறுதியான தேதி அதில் தெளிவாக இருக்கணும். பெரும்பாலான பாலிஸிகளில் அந்தத் தேதியிலிருந்து 30 நாள் கடந்திருக்க வேண்டும் என்று விதி. அக்கா அதைக் கடந்தாகிவிட்டது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. கம்பெனி பணம் அனுப்பும்போது வரும் கடிதத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். வருமான வரி ரிடர்ன் போடுகிறவராக இருந்தால், வரி விலக்குள்ள வரவுக்கான பத்தியில் இந்தத் தொகையைக் குறித்துவிடட்டும். “5 லட்சம் எங்கிருந்து வந்தது?” என்று நாளைக்கு யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட அந்தக் கடிதம் ஒன்று போதும்.

ஆஸ்பத்திரிக்கு அக்காவை அலையவிடாதீர்கள் சகோதரி. அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தோடு நீங்களே போய் வாங்கி வரலாம்.