அணுவிலும் இல்லை விதி!

வெடி விபத்து நடந்த ஊரில் துக்கம் கேட்க வருவோர் பல வகையினர். அழ வருவோர் உண்டு; படம் எடுக்க வருவோர் உண்டு. இவர்களுக்குப் பின்னால், நெற்றி நிறையத் திருநீறும் வாய் நிறைய வேதாந்தமுமாக வருவார் ஒருவர். "அவன் எழுதியது அவ்வளவுதான்" என்பார். பழைய பல்லவி. இப்போது புதுச் சரணம் ஒன்றும் சேர்த்திருக்கிறார்கள், தோழர்களே! "அணு என்ன செய்யுமென்று எவனாலும் சொல்ல முடியாது, எல்லாம் நிகழ்தகவு என்று குவாண்டம் விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் முன்னோர் அதைத்தான் விதி என்றனர்" என்கிறார்கள்.

என்னே துணிச்சல்! விதியென்று இவர்கள் சொல்வது யாது? இன்னாருக்கு, இன்ன நாளில், இன்னது நேருமென்று முன்பே எழுதி முடிக்கப்பட்ட ஏடு. குவாண்டம் இயக்கவியல் கூறுவதோ அதற்கு நேர் எதிர். கோட்பாடு தருவது தீர்ப்பன்று, இன்னது நடக்க இவ்வளவு வாய்ப்பு என்ற அளவே என்று 1926 இல் மாக்ஸ் பார்ன் காட்டினார். ஐன்ஸ்டைனுக்கே அது பிடிக்கவில்லை. துகள் தன் முடிவைத் தன் மடியிலேயே முடிந்து வைத்திருக்கிறதா என்று சோதிக்க 1964 இல் ஜான் பெல் வழி கண்டார். அவ்வழியில் சோதித்த மூவருக்கு 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்படியொரு சீட்டு மடியில் இல்லை என்பதே அவர்கள் கண்ட விடை. தலையெழுத்தைத் தேடிப் போனார்கள். அணுவிடம் அது இல்லை!

அப்படியானால் எல்லாம் கண்மூடித்தனமா? அன்று. இதே விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898 இல் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1928 இல் கல்கத்தாவில் இராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறலை ஆய்ந்தவர். (பரிசு இராமன் ஒருவருக்கே போயிற்று, அது வேறு கதை.) அவர்கள் கண்டதென்ன? திரவத்தில் சிதறும் ஒளித்துகள்களில் மிக அரிதாக ஒன்று நிறம் மாறி வெளிவருகிறது. எந்த ஒன்று? எவரும் சொல்ல இயலாது. எத்தனைக்கு ஒன்று? கணக்கிட்டுச் சொல்லலாம், அளந்தும் பார்க்கலாம். எந்தச் சோதிடன் தன் கணக்கை இப்படி அளந்து காட்ட முன்வந்தான்?

அவ்வளவு தூரம் போவானேன்! நம் மக்கள் கை கறுக்கச் செய்யும் மத்தாப்பில், ஸ்ட்ரான்சியம் உப்புச் சேர்த்தால் சிவப்புச் சுடர். சூடேறிய ஒரு துகள் எந்தக் கணத்தில் ஒளியை உமிழும் என்பது முன்கூட்டித் தெரியாது. கோடானுகோடித் துகள்கள் சேர்ந்தாலோ, சிவப்பு ஒரு நாளும் தவறுவதில்லை. நிகழ்தகவு என்பது அறியாமைக்கு இட்ட பெயரன்று, கணக்கின் பெயர்.

இனி, வெடித்த அறைக்கு வருவோம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: ஏறத்தாழ 40 உயிர்கள், அவற்றுள் உதவ ஓடிவந்தோர் உயிர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12, சாத்தூரை அடுத்த அச்சங்குளம்: மீண்டும் பிணக் குவியல். இங்கே அணுவின் நிகழ்தகவைக் காரணம் காட்டுவது அயோக்கியத்தனம். மருந்து உராய்ந்தால் பற்றும். அனுமதித்ததற்கு மேல் மருந்தைக் குவித்தால் ஓர் அறைத் தீ பல அறைகளைத் தின்னும். நால்வருக்கான அறையில் பத்துப் பேரை அமர்த்தினால், நான்கு சாவு பத்துச் சாவாகும். உள்குத்தகைக்கு விட்டால் பொறுப்பேற்க ஆளே இராது. அணுவுக்குள் இருக்கும் வாய்ப்பளவை எந்த முதலாளியாலும் மாற்ற முடியாது. அறைக்குள் இருக்கும் வாய்ப்பளவை ஏற்றுபவனும் அவனே, இறக்கக்கூடியவனும் அவனே. சட்டப் புத்தகத்திலும் 'விதி' இருக்கிறது, ஐயா! மீறப்பட்டது அந்த விதி.

இதை மறைக்கத்தான் தலைவிதி தேவைப்படுகிறது. விதி கொன்றதென்றால் குற்றப்பத்திரிகையில் எவர் பெயரை எழுதுவது? கடைசியில் ஃபோர்மேன் ஒருவர் பெயரை எழுதிக் கோப்பை மூடுவார்கள். சிதையின் சூடு ஆறுமுன் அடுத்த தீபாவளிக்கு முன்பணம் கைமாறும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத் தோழர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் அக்காளிடம், அண்ணனிடம் இன்றிரவே கேளுங்கள்: அறையில் இன்று எத்தனை பேர் அமர்ந்தீர்கள்? உரிமத்தில் எத்தனை பேர்? இரண்டு எண்களையும் தேதியோடு எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்று உங்கள் மன்றத்தில் இருக்கட்டும்.