87 ஓட்டும் ஒரு நாற்காலியும்

சாயங்காலம் கேஷ் டேலி ஆகாவிட்டால் வங்கியில் என்னைப் போன்றவன் எழுந்து போக முடியாது. பத்து ரூபாய் குறைந்தாலும் கட்டுகளைப் பிரிச்சு மறுபடி எண்ணணும். எண்ணிக்கை எனக்குப் புதிதல்ல தோழர்களே. அதனால்தான் சொல்கிறேன், சனநாயகம் எண்ணிக்கை மட்டும் இல்லை.

2000-இல் அமெரிக்க அதிபர் தேர்தல் புளோரிடாவின் 537 ஓட்டில் முடிவானது. உலகமே பேசிச்சு. 2016-இல் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். உலகம் பேசலை. 2019-இல் சிதம்பரத்தில் 3,219 ஓட்டில் வென்றார். அந்த வாக்குப்பதிவு நாளிலேயே பொன்பரப்பியில் தலித் வீடுகள் நொறுக்கப்பட்டன.

"மிஷினை நம்பலாமா சார்?" என்று ஸ்ரீரங்கம் டீக்கடையில் ஒருவர் கேட்டார். சித்திரை வீதியில் வாடகைக்கு வீடு கேட்டு, 'நீங்க என்ன ஆளுங்க' என்ற கேள்வியோடு திரும்பியவன் நான். மிஷினுக்குச் சாதி தெரியாது சார், மிஷின் வரைக்கும் போற தெருவுக்குத் தெரியும் என்றேன்.

மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996-இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. குடிசைகள் எரிந்தன. வாக்குப்பெட்டி பறிபோனது. மறுபடி நடந்த தேர்தலில் முருகேசன் வென்றார். எண்ணிக்கையில் எவனுக்கும் சந்தேகமில்லை. 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து, அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019-இல் அரசே முன்கூட்டி விடுவித்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை அந்த நாற்காலியில் ஒரு தலித் நிலையாக உட்கார முடியலை.

'அப்ப ஓட்டே வேண்டாம்' என்கிற தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. தேர்தல் மறுப்பு 1999 வரை விடுதலைச் சிறுத்தைகள் நடந்த பாதைதான். அந்தக் கோபம் பொய்யில்லை. ஆனால் ஓட்டு வெறும் காகிதம் என்றால் அதற்கு எதிராக எதற்கு அரிவாள்? நாற்காலி வெறும் மரம் என்றால் எதற்கு இத்தனை கொலை? நாம் கைவிட்டால் யாருக்கு லாபமென்று ஊர்த்தெருவுக்கு நல்லாவே தெரியும்.

அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அசமத்துவம். இந்த முரண்பாட்டைச் சீக்கிரம் ஒழிக்காவிட்டால் கட்டிய சனநாயகமே தகரும் என்று 1949-இல் அம்பேத்கர் எச்சரித்தார். ஓட்டுரிமை கையில் வந்தது. முரண்பாடு அப்படியே கிடக்குது.

எங்களைப் பார்த்து, 'சனநாயகத்தில் நம்பிக்கை உண்டா' என்று கேட்காதீர்கள். வீடு நொறுங்கியும், 87-இல் தோற்றும், அடுத்த தேர்தலில் வரிசையில் வந்து நின்றவர்கள் நாங்கள். தலித் ஜெயித்தால் ஒத்துக்கொள்வாயா என்று ஊரைக் கேளுங்கள்.

மேலவளவுக் கணக்கு இன்னும் டேலி ஆகலை. எழுந்து போக முடியாது.