கூடிப் பேசினால் மட்டும் போதுமா?

"எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, மனதில் பட்டதைப் பேசவிடுங்கள், புதுமை தானாக வரும்" என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன் 1953இல் எழுதிய நூலால் பெரிதும் பரவிய நம்பிக்கை இது. 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துவிட்டார்கள். நால்வர் கூடி யோசித்ததைவிட, தனித்தனியே யோசித்த நால்வரின் யோசனைகளைத் தொகுத்தபோது எண்ணிக்கையும் புதுமையும் கூடுதலாக இருந்தன. 1987இல் ஆய்வாளர்கள் டீல், ஷ்ட்ரோபெ இருவரும் முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், அதற்குள் அவர்களின் யோசனை தடைபட்டுவிடுகிறது.

நம் அலுவலகங்களில் இன்னொரு தடையும் உண்டு. மேலாளர் முதலில் பேசிவிட்டால், "சரி சார்" என்பதோடு கூட்டம் முடிந்துவிடும். வாடிக்கையாளரிடம் தினமும் பேசும் இளம் ஊழியருக்குச் சிக்கல் எங்கே என்று தெரியும். அவரை யார் கேட்டார்கள்? இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் கோபம்.

கூட்டமே வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஒவ்வொருவரும் தனியே எழுதித் தரட்டும். பெயர் சொல்லாமல் வாசித்து விவாதியுங்கள்; மேலாளர் கடைசியில் பேசட்டும். அவகாசமும் கொடுங்கள். த்ரீஎம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968இல் உருவாக்கிய, லேசாக ஒட்டிப் பிரியும் பசைக்கு அவருடைய சக ஊழியர் ஆர்ட் ஃப்ரை பயன் கண்டது 1974இல். அந்தப் பசை தடவிய போஸ்ட்-இட் குறிப்புத் தாள் அமெரிக்கா முழுதும் விற்பனைக்கு வந்தது 1980இல். ஒரு மணி நேரக் கூட்டத்தில் கைதூக்கச் சொல்லியிருந்தால் அந்தப் பசை அன்றே குப்பைக்குப் போயிருக்கும். போன ஆண்டு தள்ளிவிட்ட யோசனைகளின் பட்டியல் தம் குழுவில் யாரிடமாவது இருக்கிறதா என்று கட்டுரையாளர் விசாரிக்கட்டும்.