தமிழுக்கு மட்டும் ஏன் ஒரு சாய்கோடு கூட?

“அது சும்மா ஒரு டிஃபோல்ட்தானே மச்சான், அதில என்ன அரசியல்?” என்று கேட்கிறவங்களோடதான் எனக்குச் சண்டை.

இணையத்தளத்தின் முகவரியைத் தட்டினால் எந்தப் பக்கத்தைத் தருவது என்று தீர்மானிக்கிற வேலைக்குப் பெயர் ரவுட்டிங். வெறும் பெயரை மட்டும் தட்டினால் எங்கே போவது என்பதையும் யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார். மொழியும் அப்படித்தான். ஜாங்கோவில் புதிதாக ஒரு ப்ரொஜெக்ட் தொடங்கினால் அதன் மொழி அமெரிக்க ஆங்கிலம். அதைத் தமிழாக்க ஒரு வரி போதும். தமிழ்ப் பக்கத்துக்கு மொழிக்குறி இல்லாத நேர் முகவரி கொடுக்கவும் 2016 இல் வந்த 1.10 பதிப்பிலேயே வசதி வந்துவிட்டது. ஆக, அந்த வரியை எழுதாமல் விடுவதும் ஒரு தீர்மானம்தான்.

சட்டம் என்ன சொல்லுது? 1988 இல் வந்த 16 ஆவது திருத்தத்தின்படி வடக்கு கிழக்கில் நிர்வாகமும் பதிவேடுகளும் தமிழில். அதாவது மட்டக்களப்புக்கு அரசியலமைப்பே போட்டுத் தந்த டிஃபோல்ட் தமிழ். ஆங்கிலம் இணைப்பு மொழி. அதைக் கொஞ்சம் அளவுக்கு மீறி நம்பிட்டாங்க போல, தளங்களில் இருக்கிற இணைப்பெல்லாம் ஆங்கிலத்திலதான் திறக்குது.

பெயர் வேண்டாம், ஒரு தளம். எங்கட மாமி ஒரு படிவத்துக்காகப் போனில் திறந்தா, ஆங்கிலம். மூலையில இருந்த ‘தமிழ்’ என்ற பொத்தானை அழுத்தினா. படிவம் தமிழுக்கு மாறவில்லை, முகப்புக்கே தூக்கிப் போட்டது. மறுகா நான் தேடிப் பிடித்து, தமிழில் திறந்து, இணைப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவட போனில் திரும்பவும் ஆங்கிலம்! காரணம் எளிது. மொழியை முகவரியில் வைக்காமல் குக்கியில் வைத்திருக்கிறார்கள். என் தெரிவு என் போனோடு நின்றுவிடும், முகவரியோடு பயணம் போகாது. குக்கி இல்லையென்றால் பல தளங்கள் போன் கேட்கிற மொழியைக் கொடுக்கும். எங்கட ஆக்கள் பலர் போனை ஆங்கிலத்திலதான் வைத்திருக்காங்க, கடையில வாங்கின நாளிலிருந்து.

படுவான்கரைக்காரருக்கு இது பழகின கதை. பெரியாஸ்பத்திரி புளியந்தீவில், வாவியைத் தாண்டி வரவேண்டியது எப்பவும் இவர்கள்தான். மண்முனைத் துறையில் காத்து நின்ற காலம் 2014 இல் பாலத்தோடு முடிந்தது. இணையத்தில் மாமி இன்னும் துறையிலதான் நிற்கிறா.

“தமிழில் முகவரி வைத்தால் அசிங்கமாக நீளும்” என்று ஒரு பதில் வரும். அரைவாசி உண்மை. ‘மட்டக்களப்பு’ என்ற முகவரியைப் பிரதி பண்ணி ஒட்டினால் விழுக்காட்டுக் குறிகளோடு 108 எழுத்தாக விரியும். ஆனால் 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இந்த நீளத்தோடுதான் ஓடுகிறது. நூலகம் தளமும் அப்படியே. யாரும் அதனால் படிக்காமல் விடவில்லை.

இதைவிடக் கோபம் வரவேண்டிய இடம் வேறு. தலைப்பை முகவரித் துண்டாக்க ஜாங்கோவில் ‘ஸ்லக்கிஃபை’ என்று ஒரு கருவி இருக்கு. அதற்குள் ‘மட்டக்களப்பு’ என்று போடுங்கள். வெளியே வருவது ஒன்றுமில்லை, வெறும் வெற்று. பழக்கப்படி அது ஆங்கில எழுத்துகளை மட்டுமே எழுத்தென்று மதிக்கும். சரி, யூனிக்கோட்டை அனுமதி என்று சொன்னால்? ‘மடடககளபப’. புள்ளியும் உகரமும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை, கழித்து விடுகிறது. ஊர்ப் பெயரை இப்படி ஒரு பெயர்ப்பலகையில் எழுதியிருந்தால் நாங்கள் ஆர்ப்பாட்டமே வைத்திருப்போம்.

கொழும்பைத் திட்டினால் மட்டும் காணாது. கழக வெப்சைட், கோயில் வெப்சைட், விளையாட்டு விழா வெப்சைட் எல்லாம் கட்டுவது எங்கட பொடியன்மாரும் பிள்ளைகளும்தான். பார்க்கப்போவது முழுக்கத் தமிழ் ஆக்கள். திறந்தால் ‘ஹோம்’, ‘எபௌட் அஸ்’. தமிழ் வேண்டுமென்றால் மூலையில் ஒரு பொத்தான், அதுவும் பாதியில் ‘விரைவில்’ என்று நிற்கும். யார் தடுத்தது?

அடுத்த ப்ரொஜெக்ட் தொடங்குறவங்க வேற ஒன்றுக்கும் முன்னால் மொழி வரியை மாற்றுங்கள். மொழியைக் குக்கியில் ஒளிக்காமல் முகவரியில் வையுங்கள். ‘தமிழ்’ பொத்தானை அழுத்தினால் அதே பக்கம் வரவேண்டும். முகவரி அமைப்பில் ‘ஸ்லக்’ என்று இருக்கிற இடத்தில் ‘எஸ்டிஆர்’ போடுங்கள், அது தமிழைத் தடுக்காது. ஸ்லக்கிஃபையையும் அதோடு விட்டுவிடுங்கள். மறுகா மட்டக்களப்பு என்று தட்டிப் பாருங்கள், புள்ளியோடு வருதா என்று.